தீக்குச்சியும் தேசியக் கொடியும்

ஆகஸ்ட் 16 காலை. கோவில்பட்டி. ஆடி முடியப்போகிற நேரம், காற்று மட்டும் முடிகிற மாதிரி இல்லை. கரிசல் புழுதியை வாரி வாரி முகத்தில் அடிக்கிறது. முந்தின நாள் சுதந்திர தினம். சட்டையில் குத்தியது, பைக்கில் கட்டியது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் பிடித்து ஆட்டியது என்று அத்தனை காகிதக் கொடிகளும் காற்றோடு உருண்டு, சாக்கடை ஓரத்தில் வந்து ஒதுங்கிக் கிடந்தன.

நான் டீ குடிக்க நின்ற கடையின் அண்ணாச்சி, ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிகிறார், ஒரு கொடியை எடுக்கிறார், தட்டிப் பைக்குள் போடுகிறார். மறுபடி குனிகிறார். கால் மணி நேரத்தில் பை நிறைந்துவிட்டது. கடைக்குப் பின்னால் போய், ஒரு பழைய எண்ணெய் டின்னில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தார். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினார்.

அந்த நேரம் பார்த்து, சந்து வழியாக வந்த ஒரு இளைஞர் பைக்கை நிறுத்தினார். வண்டியின் முன்னால் நேற்றைய கொடி இன்னும் படபடக்கிறது. டின்னுக்குள் எரிவது என்ன என்று எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"யோவ்... தேசியக் கொடியைவா எரிக்கே? போலீஸ்ல சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" செல்போன் வெளியே வந்துவிட்டது.

அண்ணாச்சி பதறவில்லை. டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏ தம்பி, இப்பத்தான வாசல்ல வண்டியத் திருப்புன. மூணு கொடி மேல ஏத்திட்டு வந்த. அப்ப எங்கடே போச்சு ஒன் ரோசம்?"

அந்தத் தம்பியிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், என்னிடமும் இல்லை. டீக்கடைக்கு வரும் வழியில் நானும் எதையெதையோ மிதித்துக்கொண்டுதான் வந்தேன். கீழே பார்க்கவே இல்லை.

இதில் யார் கொடியை அவமதித்தார்கள் என்று கேட்டால் சட்டம் தெளிவாகத்தான் பதில் சொல்கிறது. 1971-ஆம் வருடத்திய தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி, பொது இடத்தில் தேசியக் கொடியை எரித்து அவமதித்தால் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கும். அதே இந்திய அரசின் கொடி விதித்தொகுப்பு 2002-ல் இருந்து அமலில் இருக்கிறது. கிழிந்துபோன, அழுக்காகிப்போன கொடியைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது, தனிமையில், மரியாதையோடு அழித்துவிட வேண்டும் என்கிறது அது. எப்படி அழிப்பது? எரிப்பது நல்லது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. காகிதக் கொடிகளைத் தரையில் வீசக் கூடாது என்றும் தனியாகச் சொல்லியிருக்கிறது.

அதாவது, ஒரே தீக்குச்சி, ஒரே கொடி. ஒரு எரிப்பு ஜெயிலுக்கு அனுப்பும். இன்னொரு எரிப்பு, கொடிக்குச் செய்கிற கடைசி மரியாதை.

அப்படியென்றால் கொடியின் மானம் துணியில் இல்லை. காகிதத்திலும் இல்லை. பிறகு எங்கே இருக்கிறது?

'மனசுல இருக்கு' என்று சட்டென்று சொல்லிவிடலாம். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அந்த பைக் தம்பியின் மனசிலும் கொடி இருந்ததே! பொய்யாகவா கோபப்பட்டார்? நிஜமாகவே துடித்துப்போனார். மனசில் இருப்பதை எவரும் எட்டிப் பார்க்க முடியாது. 'என் மனசில் இருப்பதுதான் அசல், உன் மனசில் இருப்பது போலி' என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு அதுதானே நடக்கிறது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் எட்டயபுரம். அங்கே பிறந்த பாரதி, தாயின் கொடியைப் பற்றிப் பாடினார். நாமும் பள்ளிக்கூடத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றிவிட்டு அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறோம். ஆனால் பாரதி பாடியது இந்தக் கொடியை அல்ல. அவர் வர்ணிக்கிற பட்டுத் துணியில் வந்தே மாதரம் என்று எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் இந்திரனின் வஜ்ராயுதம், இன்னொரு பக்கம் முஸ்லிம்களின் இளம்பிறை. காந்தியின் ராட்டைக் கொடி பேச்சுக்கு வந்ததே 1921-ல்தான். அதே ஆண்டு செப்டம்பரில் பாரதி போய்விட்டார். இன்றைய அசோகச் சக்கரக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது 1947 ஜூலை 22-ல்.

நம் கொடிப் பாட்டை எழுதியவர் நம் கொடியைப் பார்த்ததே இல்லை! ஆனாலும் பாட்டு பொருந்துகிறது. ஏனென்றால் அவர் பாடியது துணியை மட்டுமல்ல. அந்தக் கொடியின் கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு பெரிய பட்டியல் போடுகிறார். தமிழர், தெலுங்கர், கன்னடர், வங்காளத்தார், பஞ்சாபியர் என்று நீளுகிறது. துணி மாறியது, நிறம் மாறியது. பட்டியல் மாறவில்லை.

திருப்பூர் குமரன் அடிபட்டு 1932 ஜனவரியில் செத்தாரே, அவர் கையில் இருந்ததும் அரசாங்கத்தின் கொடி அல்ல, அரசாங்கம் அடித்து நொறுக்கிய கொடி. அதைப் பிடித்தால் ஒரு சம்பளமும் கிடையாது, மண்டை உடையும். அதனால்தான் 'கொடி காத்த குமரன்' என்கிற பெயருக்கு இன்னமும் கனம் இருக்கிறது.

சரி, கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு ஹாக்கியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் இந்த ஊரின் அடையாளம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள், மூன்றாவதாக ஹாக்கி மட்டையைச் சொல்வார்கள். கிரிக்கெட் மட்டைக்குத் தெருவெல்லாம் பையன்கள் அலைகிற தமிழ்நாட்டில், ஹாக்கி மட்டையோடு சைக்கிளில் போகிற பையன்களைப் பார்க்கக்கூடிய ஊர் இது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக இங்கே நடக்கிற அகில இந்தியப் போட்டிக்கு வடக்கேயிருந்தெல்லாம் அணிகள் வருகின்றன. 2021 டிசம்பரில் தேசிய ஜூனியர் சாம்பியன்ஷிப்பே கோவில்பட்டிக்கு வந்தது. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கிய மாரீஸ்வரன் இந்த ஊர்ப் பையன். அவரோடு இறங்கிய அரியலூர் கார்த்தியும் கோவில்பட்டி விடுதியில் தேறியவர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார்.

ஹாக்கிதான் நம் தேசிய விளையாட்டு என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். 2012-ல் ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகம் பதில் சொன்னது. கெஜட்டில் இல்லை! பிறகு எப்படி இத்தனை கோடிப் பேர் இத்தனை வருஷம் நம்பினோம்?

இப்படித்தான். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது. அப்போது நமக்கென்று ஒரு கொடி இல்லை, நாட்டை ஆண்டது வெள்ளைக்காரன். 1936-ல் பெர்லின். ஹிட்லரின் ஊர். இறுதி ஆட்டத்துக்கு முன்பு நம் ஆட்கள் கொஞ்சம் பயந்துபோயிருந்தார்கள். ஏனென்றால் பயிற்சி ஆட்டத்தில் இதே ஜெர்மனியிடம் தோற்றிருந்தார்கள். உடை மாற்றும் அறையில் அணியின் மேலாளர்களில் ஒருவரான பங்கஜ் குப்தா, ஒளித்து எடுத்து வந்திருந்த காங்கிரஸ் மூவர்ணக் கொடியைப் பிரித்துக் காட்டினார். எல்லோரும் அதற்கு சல்யூட் அடித்துவிட்டு மைதானத்தில் இறங்கினார்கள். தியான் சந்தின் அணி 8-1 என்று ஜெயித்தது. அன்றைக்குத் தேதி என்ன தெரியுமா? ஆகஸ்ட் 15. சுதந்திரத்துக்குச் சரியாகப் பதினோரு வருஷம் முன்னால்!

அடுத்து 1948 லண்டன். ஆகஸ்ட் 12. வெம்ப்ளி மைதானத்தில் பிரிட்டனையே 4-0 என்று தோற்கடித்த பிறகு, சுதந்திர இந்தியாவின் கொடி ஏறியது. ஒரு வருஷத்துக்கு முன்பு வரை நம்மை ஆண்டவன் எழுந்து நின்று அதற்கு மரியாதை செய்தான்.

இதற்கு எதற்கு கெஜட்? சில அடையாளங்களை அரசாங்கம் அறிவிக்க வேண்டியதில்லை. சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அது போதும்.

ஹாக்கிக்கு இந்தக் கதை என்றால், கால்பந்துக்கு உலகம் முழுக்க இப்படிக் கதைகள். 1911 ஜூலை 29, கல்கத்தா. மோகன் பகான் கிளப்பின் பதினோரு பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை 2-1 என்று ஜெயித்து ஷீல்டு வாங்கினார்கள். அது வெறும் கிளப். ஆனால் அன்றைக்கு சாயங்காலம் அது தேசமாகிவிட்டது. பின்னால் கிழக்கு வங்கத்திலிருந்து வீடு வாசலை விட்டு வந்த அகதிகளுக்கு ஈஸ்ட் பெங்கால் கிளப், இழந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கத்துவதற்கு ஒரு இடமானது.

ஸ்பெயினில் பிராங்கோவின் சர்வாதிகாரம். கட்டலான் மக்கள் தங்கள் கொடியைத் தூக்க முடியாது, பொது இடத்தில் தங்கள் மொழியைப் புழங்க முடியாது. பார்சிலோனா கிளப்பின் பெயரையே ஸ்பானிய மொழிக்கு மாற்றினார்கள், கிளப் சின்னத்தில் இருந்த கட்டலான் கோடுகளைக் குறைத்தார்கள். என்ன ஆனது? அந்த கிளப்பின் சட்டையே கொடியாகிவிட்டது. 'ஈழத் தமிழ் அணி' என்று ஒன்று 2012-ல் குர்திஸ்தானில், நாடில்லாத இனங்களுக்கான உலகக் கோப்பையில் ஆடியது. பல தேசங்களுக்குச் சிதறிப்போன நம் பிள்ளைகள்.

அதே இலங்கையின் தேசியக் கொடியையும் ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். வாள் ஏந்திய சிங்கம் ஒரு சட்டத்துக்குள் நிற்கிறது. தமிழருக்காக ஒரு காவிப் பட்டை, முஸ்லிம்களுக்காக ஒரு பச்சைப் பட்டை, இரண்டும் அந்தச் சிங்கச் சட்டத்துக்கு வெளியே. கொடியை முடிவு செய்த குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் இதற்குச் சம்மதிக்கவில்லை. ஆனாலும் 1951-ல் அதுவே கொடியானது. பின்னால் வந்த துயரங்களுக்கெல்லாம் கொடிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டின் போட்டோவில் யாரை நடுவில் உட்காரவைக்கிறார்கள், யாரை ஓரத்தில் நிற்கவைக்கிறார்கள் என்பதை வைத்து அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? அந்தக் கொடியின் கீழேதான் முத்தையா முரளிதரன் என்கிற தமிழர் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார் என்பதையும் சேர்த்தே யோசித்துப் பாருங்கள்.

ஆக, மனுஷனுக்கு ஒரு கொடி தேவைப்படுகிறது. அதைப் பிடுங்கினால் ஒரு சட்டையைக் கொடியாக்கிக்கொள்வான். 'எல்லாம் வெறும் துணிதானே சார்' என்று பேசுகிற அறிவாளிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெறும் துணி என்றால், ராணுவ வீரனின் பெட்டி மேல் போர்த்தியிருந்ததை மடித்து அவன் மனைவி கையில் கொடுக்கும்போது ஊரே ஏன் அழுகிறது?

என் சந்தேகம் வேறு. ஒரு மனுஷனுக்கு ஒரே ஒரு கொடிதான் இருக்க முடியுமா?

1990-ல் பிரிட்டனில் நார்மன் டெபிட் என்கிற அரசியல்வாதி ஒரு பரீட்சை வைத்தார். இங்கே குடியேறிய ஆசியர்கள் கிரிக்கெட் நடக்கும்போது எந்த அணிக்குக் கை தட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அதுதான் விசுவாசத்துக்கு அடையாளம் என்றார். அந்தப் பரீட்சையைத் தங்களுக்கு வைத்தபோது நம் ஆட்கள் எல்லோருக்கும் கோபம் வந்தது. ஆனால் நாம் அடுத்தவருக்கு அந்தப் பரீட்சையை வைக்காமலா இருக்கிறோம்?

2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோடு பக்கம் ஒரு ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் கட்-அவுட் வைத்தார்கள். கேரளத்தின் சந்துகளில் அர்ஜென்டினா கொடி, பிரேசில் கொடி. அவர்கள் எல்லாம் தேசத்துரோகிகளா? 1999 ஜனவரி 31-ல் நம் சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ரன் அடித்தும், 12 ரன் வித்தியாசத்தில் பாகிஸ்தானிடம் தோற்றோம். அழுகிற நிலைமையில் இருந்த கூட்டம், எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை வாங்கிக்கொண்டார்கள். டெபிட்டின் பரீட்சையில் அன்றைக்குச் சென்னை மொத்தமும் பெயில். ஆனால் நம் கொடியின் மதிப்பு அன்று குறைந்ததா, கூடியதா? நீங்களே சொல்லுங்கள்.

2025 செப்டம்பரில் துபாயில் நடந்த கிரிக்கெட்டில் இரண்டு நாட்டு வீரர்களும் கை குலுக்காமல் போனார்கள். அதற்கு முன்னால் காஷ்மீரில் சிந்திய ரத்தத்தை மறந்துவிட்டு நான் இதைப் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதமே மலேசியாவின் ஜோகூரில் இரண்டு நாட்டு ஜூனியர் ஹாக்கிப் பையன்கள் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொண்டார்கள். ஆட்டமும் 3-3 என்று டிரா. அந்தப் பையன்களுக்கு நாட்டுப்பற்று குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த விஷயத்தில் கோவில்பட்டி எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது.

ஹாக்கியில் நமக்கு மான்செஸ்டர் மாதிரி, பார்சிலோனா மாதிரி ஊர்ப் பெயர் சொல்லும் பெரிய கிளப் வளரவில்லை. ஊருக்குப் பதில் ஆபீஸ்தான்! ரயில்வே, ராணுவம், பேங்க், எண்ணெய் நிறுவனம் என்று வேலை கொடுக்கிற இடங்கள்தான் அணி வைத்திருக்கின்றன. ஏழை வீட்டுப் பையனுக்கு அந்தச் சட்டை ஒரு உத்தியோகம். அதனால் அவன் தன் ஊருக்கு எதிராகவே ஆடும்படி ஆகும்.

ஒருமுறை அப்படி ஒரு ஆட்டத்தை கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கம் உள்ளூர்ப் பையன்கள். எதிரே, வேலை கிடைத்து வெளியூர் போன நம்ம ஊர்ப் பையன் ஒருவர், ஆபீஸ் சட்டையில். பந்து அவர் மட்டைக்குப் போனது. என் பக்கத்தில், தீப்பெட்டி ஆபீஸில் இருந்து நேராக வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று, "போடுலே... போடுலே மக்கா!" என்று கத்தினார். கோல்! நம் ஊர் மேல்தான் விழுந்தது. பெரியவர் கை தட்டுகிறார். இரண்டு நிமிஷம் கழித்து உள்ளூர்ப் பையன் பந்தோடு ஓடும்போதும் அதே குரல், அதே 'மக்கா.'

"அண்ணாச்சி, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். "ரெண்டும் நம்ம பயகதான. இதுல என்ன கட்சி?" என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு ஜெய்பால் சிங் ஞாபகம் வந்தது. 1928 ஒலிம்பிக் அணிக்கு கேப்டனாகப் போனாரே, அந்த ஆதிவாசித் தலைவர். 1947 ஜூலை 22 அன்று, தேசியக் கொடித் தீர்மானம் வந்த அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். மூன்று கோடி ஆதிவாசிகளின் சார்பாக அந்தக் கொடியை ஏற்று வணங்கினார். கூடவே ஒன்று சொன்னார். எங்கள் சோட்டா நாக்பூரில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆதிகாலத்திலிருந்து தனிக்கொடி உண்டு. இனிமேல் அங்கே இரண்டு கொடிகள் இருக்கும், ஊர்க்கொடியும் தேசியக் கொடியும், என்றார். சபையில் யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்தவரை யார் என்ன சொல்ல முடியும்?

2018-லிருந்து இந்திய ஹாக்கி அணியின் சட்டையைப் பார்த்திருப்பீங்க. நெஞ்சில் 'ஒடிசா' என்று எழுதியிருக்கும். செலவை ஏற்றுக்கொண்டது அந்த மாநில அரசு. கோவில்பட்டிப் பையன், ஒடிசாவின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு, இந்தியாவுக்காக ஜகார்த்தாவில் ஆடினான். அவனுக்கு எத்தனை கொடி? ஒன்றை ஏற்ற இன்னொன்றை இறக்க வேண்டியிருந்ததா என்ன?

நான் பி.காம். படித்தவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோனாலும், 'குட்வில்' பாடம் மறக்கவில்லை. ஒரு கம்பெனியின் நல்ல பெயருக்கு விலை உண்டு. ஆனால் அதைக் கணக்கில் எழுத ஒரு விதி இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய குட்வில்லை மட்டும்தான் ஏட்டில் ஏற்றலாம். 'எங்களுக்கு ஊரெல்லாம் நல்ல பெயர், அது இத்தனை கோடி பெறும்' என்று தானே சொல்லி எழுதிக்கொள்ள முடியாது. ஆடிட்டர் அடித்துவிடுவார்.

கொடியின் மதிப்பும் இப்படித்தான் என்று தோன்றுகிறது. குமரன் விலை கொடுத்தார். பெர்லினில் கொடியை ஒளித்துக் கொண்டுபோனவர்கள், பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே கொண்டுபோனார்கள். வெறுங்காலோடு பூட்ஸ் காலை எதிர்த்தவர்கள் விலை கொடுத்தார்கள். இவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் பணம் போட்டவர்கள். நாம் பெரும்பாலும் எடுக்கிறவர்கள். பைக்கில் கட்டுகிறோம், முகப்புப் படமாக வைக்கிறோம், பக்கத்து வீட்டுக்காரனின் தேசபக்தியை அளந்து பார்க்க அதையே தராசாக்குகிறோம். எல்லாம் வித்ட்ராயல்!

கோவில்பட்டி, சிவகாசி பக்கம் தீப்பெட்டி லேபிள் சேகரிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோழி, மயில், கப்பல், சாவி, சிங்கம் என்று எதை வேண்டுமானாலும் போட்டிருப்பார்கள். தேசியக் கொடியை மட்டும் வியாபாரச் சின்னமாக வைக்க முடியாது. 1950-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. சரக்கு விற்கக் கொடியைக் காட்டக் கூடாது. நல்ல சட்டம்தான். ஓட்டு விற்கிற இடத்திலும் வெறுப்பு விற்கிற இடத்திலும் அந்தச் சட்டம் போய் எட்டவில்லை என்பதுதான் என் வருத்தம்.

'அப்போ மரியாதையைச் சட்டம் போட்டு வரவழைக்கக் கூடாதா சார்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேண்டுமென்றே இழிவு செய்கிறவனைத் தடுக்க ஒரு சட்டம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தடுப்பது வேறு, வரவழைப்பது வேறு. 2016 நவம்பரில் சினிமா தியேட்டர்களில் தேசிய கீதம் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. எழுந்து நிற்காதவர்களை அக்கம்பக்கத்தார் அடித்த செய்திகள் வந்தன. எழ முடியாத மாற்றுத்திறனாளியும் ஏச்சுக்கு ஆளானார். 2018 ஜனவரியில் அதே கோர்ட் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அதற்கெல்லாம் முன்பே, 1986-ல், கேரளத்து மூன்று பிள்ளைகளின் வழக்கு வந்தது. மத நம்பிக்கை காரணமாக தேசிய கீதம் பாட மாட்டார்கள். ஆனால் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். பள்ளிக்கூடம் வெளியே அனுப்பிவிட்டது. நிற்பதே மரியாதைதான், பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, பிள்ளைகளைத் திரும்பச் சேருங்கள் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு எழுதினார். அந்தப் பிள்ளைகளை உள்ளே சேர்த்ததால் தேசிய கீதம் சின்னதாகிவிடவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். முன்பு தேசியக் கொடி என்றால் கதர். கையால் நூற்றுக் கையால் நெய்தது. 2021 டிசம்பர் 30-ல் விதியைத் திருத்தி, மெஷினில் நெய்த பாலியஸ்டரும் போதும் என்றார்கள். 2022-ல் வீட்டுக்கு வீடு கொடி. தபால் ஆபீஸில் 25 ரூபாய். ஏழை வீட்டு வாசலிலும் கொடி பறந்தது சந்தோஷம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடித்துணி நெய்து பிழைத்த ஹூப்ளி கதர் நெசவாளிகள் அப்போது கண்ணீரோடு போராடினார்கள். 1901-லிருந்து பருத்திக்காக ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிற கரிசல் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, பாலியஸ்டர் கொடியைப் பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகத்தான் செய்கிறது. கொடி மலிவானதில் தப்பில்லை. நெய்தவனை மறந்துவிட்டதில்தான் தப்பு.

அதனால், ஒருவருக்கு நாட்டின் அடையாளத்தின் மேல் எவ்வளவு மரியாதை என்று தெரிய வேண்டுமானால், அவர் எவ்வளவு உயரத்தில் கொடி ஏற்றினார் என்று பார்க்க வேண்டாம். அதற்காக அவர் என்ன கொடுத்தார் என்று பாருங்கள். முதலில் அடுத்தவரிடம் பார்க்க வேண்டாம், நம்மிடமே பார்ப்போம்.

டீக்கடைக்குத் திரும்புவோம். டின்னில் நெருப்பு அணைந்து சாம்பல் பறக்க ஆரம்பித்திருந்தது. அண்ணாச்சி அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். பைக் தம்பிக்கு, கொடி விதியில் இப்படித்தான் இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். பாதி நம்பினார், பாதி நம்பவில்லை. செல்போன் மட்டும் உள்ளே போய்விட்டது. அண்ணாச்சி அவருக்கும் ஒரு டீ போட்டுக் கொடுத்தார். "காசு வேண்டாம். போறப்ப வண்டில இருக்கதக் கழட்டிப் பத்தரமா வையி. காத்துல பிச்சிக்கிட்டுப் போயிரும்" என்றார்.

நான் அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இந்த முறை கீழே பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு பெட்டிக்கடை ஓரமாக, டயர் தடத்தோடு ஒரு காகிதக் கொடி கிடந்தது. நின்றேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஒரு கூச்சம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கொடிகளுக்கு நிமிர்ந்து நின்றிருக்கிறேன், ஒன்றுக்காகவும் குனிந்ததில்லை.

குனிந்து எடுத்து, புழுதியைத் தட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தீப்பெட்டிக்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன?